ஐஸில் விழுந்த வெனீர்

ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் விடுபவர் ஒருவருக்கு அகன்ற வாய், வெண்கலக் குரல். ஐஸ் போட்ட மீன் பெட்டியின் நைலான் கயிற்றைப் பல்லால்தான் அறுப்பார். அன்று கடித்த வேகத்தில், முன்பல்லில் அழகுக்காக ஒட்டியிருந்த வெனீர் என்னும் மெல்லிய பீங்கான் ஓடு பெயர்ந்து ஐஸில் விழுந்தது.

“பல்லையும் சேத்து ஏலம் போடுங்கண்ணே!” வியாபாரிகள் சிரித்தார்கள்.

மீன் வாங்க வந்திருந்த, பல் மருத்துவம் படிக்கும் நான் சும்மா இருப்பேனா? “நீங்களா பசை போட்டு ஒட்டிறாதீங்க. உடையலைன்னா டாக்டரே திரும்ப ஒட்டிருவாரு. கயித்தக் கடிக்கிறத விடுங்க. இன்னைக்கு ஏலத்த வேற ஆளு விடட்டுமே?”

“கத்தி வாங்கிக்கிறேன் டாக்டரம்மா. ஆனா இவனுக சிரிப்புக்கு நான் வாய மூடுனா, எறா வெலையும்ல எறங்கிப்போகும்?”

வெனீரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மொட்டைப் பல் தெரிய இன்னும் அகலமாக வாயைத் திறந்து, சிரித்தபடியே ஏலம் கூவினார். இறால் விலை ஏறியது. அழகான சிரிப்புக்குக் கல்லூரியில் அளவெல்லாம் சொல்லித்தருகிறார்கள். அவர் சிரிப்பு எந்த அளவிலும் அடங்கவில்லை.