பாராமுகம்

தெருவில் அவருக்குச் 'சிருங்காரம்' என்று பெயர். சமஸ்கிருதக் காதல் கவிதைகளைத் தமிழில் மொழிபெயர்ப்பதே ஒருவருக்குப் பிழைப்பு என்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆளைப் பார்த்தால் காதலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டபடியே இருப்பார்.

எந்தப் பாட்டையும் முதலில் கேட்பது அவர் மனைவிதான். கூடத்து மேஜையிலிருந்து இவர் உரக்கப் படிப்பார். அடுப்படியிலிருந்து "ம்" என்று வரும். நீட்டி வந்தால் பிடித்திருக்கிறது. வெடுக்கென்று வந்தால் பின்னாலேயே ஒரு குத்தலும் வரும்: "இவ்வளவு நேரமா ஜன்னல்ல நின்னு அழுவாளா? அவளுக்கு வேற வேலையே இல்லையா?" இவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்து எழுதுவார்.

அந்த "ம்" ஒருநாள் நின்றுபோனது.

அவளுடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு, வேலை இருக்கிறதென்று இவர் போகவில்லை. தனியாகப் போய்வந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் தலையை ஆட்டினாள். சாப்பாட்டையும் பாதியில் ஒதுக்கினாள். வேறு எவனாக இருந்தாலும் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருப்பான். இவர் படித்தவர் ஆயிற்றே! நாயகி ஊடினால் தணிக்க ஆறு வழி உண்டு என்கின்றன சமஸ்கிருதக் கவிதை இலக்கணம் சொல்லும் அலங்கார நூல்கள். இனிக்கப் பேசலாம், பரிசு தரலாம், காலில் விழலாம். கண்டுகொள்ளாமல் இருப்பதும் அதில் ஒன்று. நாயகி தானே இறங்கி வருவாளாம். இனிக்கப் பேச இவருக்கு வாய் வராது, காலில் விழ வெட்கம். பாராமுகம் சுலபமாக இருந்தது.

ஒரு மாலை அவள் மேஜையருகே வந்து நின்றாள். இறங்கி வந்துவிட்டாள் என்று இவருக்கு உள்ளுக்குள் குதூகலம். ஆனாலும் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வெளியூரிலிருந்து வந்த மகள்தான் பார்த்தாள். "அம்மாவுக்குக் கழுத்து வீங்கியிருக்கேப்பா! உங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் மருத்துவர். முன்பே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். பாவி மனுஷன், அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முன்தினம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கோபம்னு நெனச்சுட்டேன்டி."

"கோபந்தான்," என்றாள் கரகரத்த குரலில். "ரெண்டு நாள்ல போயிடுச்சு. அன்னிக்கு வந்து நின்னேனே, தொண்டை வலிக்குதுன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க நிமிரவே இல்லையா, பாட்டு நல்லா வருது போல, எதுக்குக் கெடுக்கணும்னு திரும்பிட்டேன்."

அவள் பிழைத்து வீடு திரும்பினாள். இவர் இப்போதும் உரக்கப் படிக்கிறார். மேஜைக்கு எதிரே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறார். காது மட்டும் இன்னும் அடுப்படிப் பக்கமே போகிறது.