அடுத்தவர் பந்தை அடிப்பது பற்றி

நான் வசிக்கும் லியோன் நகரின் புறப்பகுதியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை ஜன்னலருகே நின்றால் ஒரு காட்சி தெரியும். நன்றாக உடுத்திய ஒரு மனிதர் தன் வெள்ளைப் பந்தைத் தானே கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அடிப்பார். பிறகு சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு அதைத் தேடி நடப்பார். கிடைத்ததும் சந்தோஷப்பட மாட்டார். மறுபடியும் அடித்துத் தொலைப்பார். துரத்துவதற்கும் ஆளில்லை, தடுப்பதற்கும் ஆளில்லை. குடியேறிய புதிதில் இதை ஏதோ நேர்த்திக்கடன் என்றே நினைத்தேன். கோல்ஃப் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் என் எண்ணம் பெரிதாக மாறவில்லை.

மருந்துக் கிடங்கு ஒன்றின் இருப்புப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் மேலாளர் மிஷேல், ஆண்டுக்கொரு முறை எல்லோரையும் ஏதாவது ஒரு விளையாட்டுக்கு அழைத்துப் போவார். முதலில் பௌலிங். வாசலிலேயே நம் செருப்பை வாங்கிக்கொண்டு, யாரோ போட்டுக் கழற்றிய செருப்பை வாடகைக்குக் கொடுத்தார்கள். என் ஊரான புதுச்சேரியில் கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். உள்ளே, மரக்கட்டைகள் பந்தால் அடி வாங்குவதற்கென்றே வரிசையாக நின்றன. விழுந்தால் ஒரு இயந்திரம் நிறுத்தியது, இன்னொன்று கணக்கெழுதியது. சண்டைக்கு இடமே இல்லை. சண்டையே போட முடியாத ஆட்டத்துக்கு இத்தனை பேர் எதற்குக் கூடுகிறார்கள் என்று மட்டும் விளங்கவில்லை.

பந்தாட்டங்களைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்திருக்கிறேன். கால்பந்தில் அத்தனை பேரும் ஒரு பந்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததும் உதைத்து அனுப்பிவிடுகிறார்கள். வாலிபாலில் பந்து நெருப்புத்துண்டு மாதிரி, யாருக்குமே வேண்டாம். எங்கள் தெருக் கிரிக்கெட்டில் பந்து எந்த வீட்டுக்குள் விழுகிறதோ அந்த வீட்டம்மாவுக்குச் சொந்தம். இவை எல்லாவற்றிலும் என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான், பெத்தாங்க். அந்நியருக்காகச் சொல்கிறேன்: கொஷொனே, அதாவது பன்றிக்குட்டி என்று செல்லப்பெயர் வைத்த சிறு மரப்பந்து ஒன்றை மண்ணில் வீசுவார்கள். அவரவர் இரும்புப் பந்தை அதற்கு மிக அருகில் போட்டு நிறுத்த வேண்டும். எதிராளியின் பந்து அருகில் கிடந்தால் அதன் தலையிலேயே அடித்துத் துரத்த வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் விட்டுப்போனதில் வழக்கறிஞர்களும் ஆட்டோக்காரர்களும் மீன் ஏலம் விடுகிறவர்களும் ஒரே தரையில் நின்று ஆடுவது இது ஒன்றைத்தான். ஊரில் உப்பளம் திடலில் ஆடும் எங்கள் மூவர் அணியில் துரத்தி அடிப்பது என் வேலை. லியோனில் பெத்தாங்க் ஆடுவேன் என்று சொன்னபோது, ஓய்வு பெற இன்னும் நாள் இருக்கிறதே என்று மிஷேல் அனுதாபப்பட்டார். அங்கே அது கிழவர்களின் ஆட்டம்.

பௌலிங்குக்கு அடுத்த ஆண்டு கோல்ஃப். கடைசிக் குழிக்குப் பக்கத்தில் மிஷேலின் பந்து கிடந்தது. அடுத்தவர் ஆடும்போது தன் பந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைப்பது வழக்கமாம்; புதியவர்களுடன்தானே ஆடுகிறோம் என்று அவர் அதை எடுக்காமல் விட்டிருந்தார். என் முறை வந்தது. குழியை நான் பார்க்கவே இல்லை. அருகில் கிடக்கும் எதிராளியின் பந்தைப் பார்த்தால் என் கை வேறெதையும் யோசிக்காது. அடித்தேன். அவருடைய பந்து புல்லைத் தாண்டி மணற்குழிக்குள் போய் விழுந்தது. அப்படியொரு சுத்தமான அடிக்கு உப்பளமாக இருந்தால் விசில் பறந்திருக்கும். இங்கே எல்லோரும் மிஷேலின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று மிஷேல் கேட்டார்.

"உங்களுடையது பக்கத்தில் இருந்தது" என்றேன்.

இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மிஷேல் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பதவி உயர்வு விஷயத்தில் மனத்தாங்கல் ஏதும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தவே ஞாயிறுதோறும் கூட்டிப் போகத் தொடங்கினார். அப்படித்தான் நானும் சக்கரப் பையை இழுக்கிறவனானேன். அங்கே ஒரு நாகரிகம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு மிக அருகில் வந்துவிட்டால், போட்டுக் காட்டச் சொல்வதில்லை. போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். சொல்பவருக்கு ஒரு பெருந்தன்மை வந்துவிடுகிறது. எனக்கும் அது பிடித்துப்போனது.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, என் அணித்தோழன் செல்வம் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டான். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருப்பவன்; சுற்றிவளைக்கத் தெரியாது. நான் இல்லாத மாதங்களில் என் இடத்தில் அவன் தங்கை புருஷன் பாலாஜி ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். இந்தப் போட்டியில் மட்டும் எனக்கு இடம் தருகிறார்கள். ஜெயித்தால் இடம் எனக்கே. இல்லையென்றால் இனிமேல் பாலாஜி.

இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். இரு பக்கமும் பன்னிரண்டு புள்ளி. பதின்மூன்று எடுப்பவருக்குக் கோப்பை. எல்லோரும் பந்தைப் போட்டு முடித்தாயிற்று. கொஷொனேவுக்கு அந்தப் பக்கம் எதிரணியின் பந்து, இந்தப் பக்கம் என்னுடையது. கண்ணுக்கு இரண்டும் ஒரே தூரம், அவர்களுடையது ஒரு நூல் அருகில் இருப்பதுபோல் தோன்றியது. ஊரில் இந்த இடத்தில்தான் ஆட்டமே தொடங்கும். டேப்பை இழுப்பார்கள், முட்டி போடுவார்கள், டேப் தளர்ந்திருக்கிறது என்பார்கள், வேடிக்கை பார்ப்பவரும் குனிந்து தீர்ப்புச் சொல்வார். செல்வம் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டே வந்தான். அதற்குள் நான் எதிரணிக்காரரிடம் சிரித்தபடி, "உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு என் பந்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

அளக்குமுன் எடுத்த பந்து செத்த பந்து. சட்டம் அப்படி.

செல்வம் இழுத்த டேப்போடு நின்றான். "இன்னாடா எடுத்துட்ட? அளக்கவே இல்லியேடா."

"அவங்களுது பக்கத்துல இருந்துச்சு" என்றேன். மிஷேலிடம் சொன்ன அதே விளக்கம்.

"அத டேப்பு சொல்லணும். நீ ஏன் சொல்ற?"

எதிரணிக்காரர் மட்டும் என் கையைக் குலுக்கினார். பிரான்சுக்குப் போனவன் எப்படித் திருந்திவிட்டான் பாருங்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. என் பந்து கிடந்த பள்ளத்தைச் செல்வம் குனிந்து பார்த்தான். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த வருசம் லீவுக்கு வா. வந்து உக்காந்து பாரு. பாலாஜி ஆடட்டும். கோச்சுக்காத."

கோபமில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

கிளம்பும் அன்று பாலாஜி வழியனுப்ப வந்தான். அவன் ஆடுவது இரவல் பந்துகளில். ஒன்று கனம், ஒன்று லேசு. என் பந்துகள் லியோனில் வாங்கியவை, மூன்றாகத்தான் விற்பார்கள். மூவர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு போதும். இரண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"வேணாண்ணே, நீ வந்தா ஆடணும்ல" என்றான். ஆனால் விரல்கள் ஏற்கெனவே பிடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது என் பெட்டியில் வந்தது. இப்போது சமையலறை ஜன்னல் விளிம்பில், அது உருளாமலிருக்க ஒரு துணியை மடித்து வைத்திருக்கிறேன். வெளியே அந்த மனிதர் தன் பந்தைத் தேடி நடந்துகொண்டிருக்கிறார். ஒருவருக்கு ஒரு பந்து போதும் என்று சொல்லும் ஆட்டம், எனக்குத் தெரிந்து, கோல்ஃப் ஒன்றுதான். என்னிடமும் இப்போது ஒன்று இருக்கிறது. இரும்பில்.