சிமிழுக்குள் இருந்த அப்பம்

என்னிடம் ஒரு பித்தளைச் சிமிழ் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும், தேசிக்காய் அளவுதான். திருநீறு வைப்பதற்காக அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அயர்லாந்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்து, கடைசியில் எனக்கென்று விட்டுப்போனது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் அது இருக்கிறது, ஆனால் நான் அதற்குள் எதுவும் போடுவதில்லை. ஏன் வெறுமையாக இருக்கிறது என்று மகள் கேட்கும்போதெல்லாம் மூடி இறுகிவிட்டது என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். மூடி நன்றாகத் திறக்கும்.

அப்பா அயர்லாந்தின் மேற்கில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தார். ஆற்றுக்கு மேல் ஒரு கல் பாலம், கிழமைக்கு ஒருநாள் மாட்டுச் சந்தை, ஊருக்கு நடுவே பெரிய மாதா கோயில், அதைச் சுற்றி எண்ணி முடியாத மதுக்கடைகள். எங்களைத் தவிர எல்லோரும் கத்தோலிக்க வேதக்காரர், எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர். மழை ஒன்றுதான் வித்தியாசம் பாராமல் எல்லோர் தலையிலும் விழுந்தது. பக்கத்து வீட்டில் என்னைவிட ஒரு வயது மூத்த தோழி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு அக்கா. எங்கள் இருவரையும் பாலத்துக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது அந்த அக்காவின் வேலை. மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. "அக்கா எண்டு சொல்லு" என்றார். நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த ஐரிஷ் பெண்ணும் கொஞ்ச நாளில் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து கடிதங்கள் வராமல் நின்றன. மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னதோடு சரி, அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா சமைப்பார், துவைப்பார், இடையில் நின்று அழுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை தோழியின் வீட்டார் என்னையும் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசை முடிகிற நேரம் எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். "நீ இரு. உனக்கு இது இல்லை" என்று தோழி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு விளங்கவில்லை. எந்தக் கோயிலில் ஒரு பிள்ளைக்கு இல்லையென்று சொல்வார்கள்? நானும் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டேன். பாதர் என் கையில் காசளவில் மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை வைத்தார். மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்கள். நான் கையை மூடிக்கொண்டேன். கோயிலில் தந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகிர்வதுதானே எங்கள் வழக்கம்.

"ஆர் பிள்ளை தந்தது?" என்று அம்மா கேட்டார். கோயிலில் தந்தது என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, திருநீற்றுச் சிமிழுக்குள் வைத்து மூடினார். பிறகு என் தலையைத் தடவினார். அன்று முழுக்க அவர் அழவில்லை.

என் கை மூடியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பின்னேரமே பாதர் வந்துவிட்டார். அம்மா சிமிழை நீட்ட, அவர் திறந்து பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, திருநீறு ஒட்டியிருந்த அந்த அப்பத்தை எங்கள் குசினியில் நின்றபடியே எடுத்து விழுங்கினார். அது அவர்களுக்கு யேசுவின் உடல், வேதக்காரரல்லாதவர் கையில் இருக்கக்கூடாதது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நல்ல மனிதர். தேநீரும் குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் கதவைச் சாத்திய பிறகு அப்பாவின் முகம் இருண்டுகிடந்தது. "இனி இந்த ஊரில எங்களை வைச்சிருப்பினமோ தெரியாது" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தின் தலைமைக் கன்னியாஸ்திரியிடம் இருந்து அழைப்பு வந்தது. என்னை அந்த அறை வரைக்கும் கூட்டிப்போனது அக்காதான். என் கை குளிர்ந்துபோயிருந்தது, அவளுடைய கை சூடாக இருந்தது. வாசலில் விட்டுவிட்டு வெளியே நின்றாள். மேசைக்கு அப்பால் இருந்து கேள்வி வந்தது: "உனக்கு யார் சொல்லித் தந்தது?" அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. எனக்கு வாய் அப்போதும் இப்போதும் அதிகம்தான், தேவையான இடத்தில் மட்டும் அது வேலை செய்யாது. அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது. தோழியின் பெயரைச் சொல்லி, "அவள்தான் எடுக்கச் சொன்னவள்" என்றேன்.

அந்த ஊரில் மே மாதம் மாதாவின் சிலையான சுருவத்தை ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். சுருவத்தின் தலையில் பூமுடி வைக்க ஒரு சிறுமியைத் தெரிவுசெய்வார்கள். அந்த வருடம் தோழியைத் தெரிவுசெய்திருந்தார்கள். அவளுடைய தாய் நீல மேலங்கி தைத்து முடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். ஒரு சொல்லில் எல்லாம் போயிற்று. யார் சொன்னது என்று கன்னியாஸ்திரிகள் அவளுக்குச் சொல்லவில்லை. பூமுடியை வேறொரு பிள்ளை வைத்தாள். தோழி என் பக்கத்தில் நின்று, உதட்டைக் கடித்தபடி ஊர்வலத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இன்னும் இரண்டு வருடம், நாங்கள் லண்டனுக்கு வரும்வரைக்கும், அவளுடன் பாலம் கடந்து போய்வந்தேன். நான் வாய் திறக்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில், அந்த ஊர்க்காரர் பழைய படங்களைப் போடும் இணையப் பக்கம் ஒன்றில் எங்கள் வகுப்புப் படத்தைப் பார்த்து, ஓரத்தில் நிற்பது நான்தான் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் தோழியின் செய்தி வந்தது. லண்டனிலேயே, சட்டனில் மகளோடு இருக்கிறாளாம், உடனே பார்க்கவேண்டுமாம், ஒரு விஷயம் கேட்க இருக்கிறதாம். முதலில் ஷிப்ட் என்றேன், பிறகு சளியும் தடிமனும் என்றேன். இப்படியே மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். முதல் அரை மணி நேரம் சிரிப்புதான். அம்மாவின் இடியப்பத்தை அவள் நூல் பந்து என்று கூப்பிட்டது, வகுப்பறையில் நனைந்த கம்பளிக் கோட்டுகள் நாறியது, சந்தைக்கு வந்த மாடு ஒன்று பாதையை மறித்து நின்றதால் பள்ளிக்குப் பிந்திப்போனது. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் தொடர்ந்தோம். பிறகு அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் பேசியது ஆங்கிலம், என் மனதில் அது எங்கள் தமிழாகவே பதிந்திருக்கிறது.

"அக்காவுக்கு நோய் கடுமையாம். வரச்சொல்லி அவவின்ர மனுசன் போன் எடுத்தவர். போறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. அதைத்தான் உன்னட்டக் கேட்க வந்தனான்."

"ஏன் போகாமல்?"

"உனக்குத் தெரியும்தானே. அந்த மே மாசம் என்னைப் பற்றிப் போய்ச் சொன்னது அவதான். கோயில்ல எங்களுக்குப் பக்கத்தில இருந்தது அவ மட்டும்தான். தான் சொல்லேல்லை எண்டு பைபிளில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவ. நான் அவவின்ர முகத்தில துப்பினனான். அதுக்குப் பிறகு எங்களுக்குள்ள ஒண்டும் சரிவரேல்லை. பிறகு வேற வேற சண்டை வந்தது, ஆனா அடியில கிடந்தது அதுதான்."

"அக்கா இல்லை" என்றேன். "நான்."

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். "அண்டைக்குக் கோயில்ல நான் உனக்கு என்ன சொன்னனான்?"

"இரு எண்டு சொன்னனீ. உனக்கு இது இல்லை எண்டு சொன்னனீ."

"அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கிறன்" என்றாள். "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் எடுக்கச் சொன்னனானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது." கோட்டுப் பொத்தான்களைப் பூட்டினாள். சின்ன வயதில் எங்கள் வீட்டை விட்டுப் போகும்போது, அம்மா பழக்கியபடி, தமிழில் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

வீட்டில் என் கணவர் ஆறுதல் சொல்லப் பார்த்தார். "இஞ்சேரும், ஏழு வயசில சொன்ன பொய்யை இப்ப ஏன் காவித் திரியிறீர்?" ஏழு வயதில் சொன்னதை யாரும் மன்னிப்பார்கள். இருபதில் சொல்லாமல் இருந்ததை, நாற்பதில் சொல்லாமல் இருந்ததை, போன மாதம் தடிமன் என்று படுத்துக்கிடந்ததை என்ன செய்வது?

அடுத்த வாரம் தோழி எழுதினாள். அன்றிரவே விமானம் ஏறியிருக்கிறாள். அக்காவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்ததாம். நடந்ததைச் சொன்னதும், தனக்கு முதலே தெரியும் என்றாளாம். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாளாம். வெளியே சொல்லியிருந்தால் அந்தத் தமிழ்க் குடும்பத்தை ஊரில் இருக்க விட்டிருக்கமாட்டார்கள், அவர்களுக்கு அங்கே வேறு யார் இருந்தார்கள் என்றாளாம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று நாள் இருவரும் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். நாலாம் நாள் காலை அக்கா போய்விட்டாள். மூன்று நாள்! நான் தள்ளிப்போட்டது மூன்று வாரம்.

அக்காவுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. வேறு வகுப்பு என்பதால் அந்தப் படத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய கை சூடாக இருந்தது என்பதுதான்.

நேற்று மகள் சாமித் தட்டைத் துடைக்கும்போது சிமிழை எடுத்தாள். மூடி திறக்கும் என்று சொல்லி, அவளை இருத்தி, முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிமிழைத் திறந்து உள்ளே பார்த்தாள், மூடினாள், என் கையில் தந்தாள்.

"அந்த அக்காவின்ர பேர் என்ன, அம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.