கசியாத ஏரி

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு வெயிலில் வீசிய நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மங்கலம் பக்கத்தில் என் தாய்மாமன் சோளம் விதைத்த நாலு ஏக்கரைக் குழியாக்கி, அடி முழுக்க அதை விரித்தார்கள். துணியை மூட்டுவதுபோல விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சூடு வைத்து ஒட்டினார்கள். ஊசி நுழைய இடமில்லை.

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு ஓர் ஏரி தேவைப்பட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் காட்ட வேண்டும்: பச்சை, பறவை, படகு. மாமா நிலத்தை விற்க மறுத்தார். முதலாளி என்னை அனுப்பினார். போனேன். அத்தை தந்த மோரைக் குடித்துக்கொண்டே சொன்னேன்: "ஏரி வந்துட்டா உங்க கெணத்துல ஊத்து நிக்காதுங்க மாமா. மிச்சம் ஒரு ஏக்கர் இருக்குது, மாடு வெச்சுப் பொழைச்சுக்கலாம்." அவர் அறிந்த ஏரி கசியும். சுற்றுக் கிணறுகளுக்கெல்லாம் பால் கொடுக்கும். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். விரிப்புக்கு ஆர்டர் கொடுத்த மெயில் அப்போதே என் செல்போனில் இருந்தது.

ஒட்டுவதை வேடிக்கை பார்க்க வந்த மாமா விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு மாப்ளே?"

"தண்ணி கீழ எறங்காம இருக்கறதுக்குங்க."

"கீழ எறங்கலீன்னா என்ற கெணத்துக்கு எப்புடி வரும்?"

செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். யாரும் அழைக்கவில்லை.

பொங்கலூர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்து குழி நிறைந்தது. இரண்டாம் கோடையில் மாமாவின் கிணறு வற்றியது. ஒரு மத்தியானம் மிஞ்சியிருந்த மாட்டை ஏரிக்கரைக்கு ஓட்டி வந்தார். வடநாட்டு வாட்ச்மேன் விசிலடித்துத் துரத்தினான். இருபதடி தள்ளி பையரோடு நின்ற நான் நாரையைப் பார்த்தேன். பையரோ மாட்டைக் கண்டு பூரித்துக் கேமராவைத் தூக்கினார். "உடு, உடு, குடிக்கட்டும்" என்றார் முதலாளி. மாடு குடித்தது. படம் எடுத்தார்கள். பையரின் கார் கிளம்பியது. மறுபடி விசில்.

அந்தப் படம் இன்று எங்கள் வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. ஏரி, நாரை, மாடு. ஓரத்தில், கயிற்றைப் பிடித்த ஒரு கை. தினமும் அதைக் கடந்துபோய்தான் நான் காபி குடிக்கிறேன்.

அன்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டியபோது மாமா நின்றார்.

"மாடு நாளைக்கும் தண்ணி குடிக்கோணும் மாப்ளே. அந்த வெள்ளக்காரர நாளைக்கும் வரச் சொல்றயா?"

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

அடுத்த சந்தையில் மாட்டை விற்றுவிட்டார்.