பச்சை ஓடிய கட்டை

மேலகரம் தாண்டித் தென்காசிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. பையில் இரண்டு சட்டையும் பச்சை ஓடிய ஒரு மரத்துண்டும். அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. ஆற்றில் போட்டால் தண்ணீர் கெடும். அடுப்பில் போட்டதால்தான் இந்த நடையே.

குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பரோட்டாக் கடையில் அடுப்பு பார்த்தேன். சாரல் நாளில் விறகெல்லாம் நமுத்துப் புகையும். செங்கோட்டை ரோட்டில் ஒரு மரமில்லில், எங்கிருந்தோ பிரித்து வந்த பழைய பலகைகள் கிடந்தன. உள்ளே லேசான பச்சை. நன்றாகக் காய்ந்திருந்ததால் ஏற்றி வந்தேன். அடுப்பு சட்டென்று பிடித்தது. முதலாளி முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பாத்திரம் கழுவும் மதினி அந்தச் சாம்பலில்தான் சட்டிகளைத் தேய்ப்பார். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் பல் துலக்குவார். "ஒன் சாம்பல் உப்புக் கரிக்குலே," என்றார் ஒருநாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த உப்புக்குத்தான் அவருடைய வெள்ளாடு சாம்பலை நக்கிச் செத்தது. ஆட்டின் வாயெல்லாம் சாம்பல் அப்பியிருந்ததைப் பார்த்த கால்நடை மருத்துவர் விறகைக் காட்டச் சொன்னார். ஒரு துண்டை எடுத்துப்போனேன். "கரையான் அரிக்காம இருக்க ஆர்செனிக் ஏத்துன மரம்யா இது. பாஷாணத்துல உள்ளது. எரிச்சா மரம்தான் போகும், இது சாம்பல்ல நிக்கும்," என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆர்செனிக் மாதிரித் தனிமம் என்றால் அதற்குமேல் பிரிக்க முடியாதது என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அது என் கையால் ஒருத்தர் வாய்க்குள் போகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மதினி தென்காசி ஆஸ்பத்திரியில் மூத்திரம் சோதிக்கக் கொடுத்திருந்தார். முடிவு வாங்க, நான் நடந்த அன்று காலை பஸ் ஏறினார். அவர் என்ன சொல்லிக்கொண்டு திரும்புவாரோ என்று காத்திருக்கப் பயந்து, நானும் கிளம்பிவிட்டேன். வெளியூர் பஸ்ஸுக்கும் தென்காசிக்குத்தானே போக வேண்டும்.

எதிரே வந்த டவுன் பஸ் கொஞ்சம் தள்ளி நின்றது. மதினி இறங்கினார்.

"ஏலே, பையத் தூக்கிட்டு எங்கன ஓடுத? நான் செத்தா கொட்டடிக்கக் கொட்டுக்காரனுக்குச் சொல்லவா போத?"

பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"ஒடம்புல கொஞ்சூண்டுதான் இருக்காம். தானா எறங்கிருமாம். இனிமே பேஸ்ட்டுல வெளக்கணுமாம், அதான் கஷ்டம்."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சாரல் குளிர்வதே அப்போதுதான் தெரிந்தது.

"எந்திரிலே. ஆடு போனதுக்கு நீ பதில் சொல்லணும். மில் அண்ணாச்சிட்டப் பேசிட்டேன். அந்தக் கட்டைய எவனும் வெறகுக்கு அள்ளாமப் பாக்க ஆளு வேணுமாம். அங்க சேந்து ஆட்டுக் காச அடை."

பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டேன். இன்றும் எந்த அடுப்பில் நின்றாலும் விறகின் வெட்டிய முகத்தைப் பார்க்காமல் உள்ளே தள்ளுவதில்லை.

மதினி ரோட்டில் மறித்த மறுநாள் காலையே மில்லில் சேர்ந்தேன். பச்சைப் பலகைகளைத் தனியே அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். எரிக்காதே என்று சிவப்புப் பெயிண்டில் எழுத வேண்டும். முதலில் என் பையிலிருந்த துண்டை எடுத்து அடியில் வைத்தேன்.