கொரின் புகழ்ந்த கல்லூரி

எங்கள் மினசோட்டாவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் ஹாட்டிஷ் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கோழியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கைப் பரப்பி, ஓவனில் வேகவைத்த சாப்பாடு. பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள். கொரின் ஹால்வர்சனுக்கு நிரந்தரப் பதவி கிடையாது என்று முடிவான வாரம் அவள் வீட்டுக்கு ஏழு ஹாட்டிஷ் போயிற்று. ஏழும் எங்கள் வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் வீட்டுச் சமையல்.

கொண்டுவந்த ஒவ்வொருவரும் வாசலில் நின்று ஒரே வசனத்தைத்தான் சொன்னார்களாம். "நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன், கொரின்."

ஓட்டுப் போட்டவர்கள் எட்டுப் பேர். அவளுக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. துறை அலுவலகத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த இரண்டு பேர் யார் என்று இன்றுவரை தெரியாது. பொய் சொன்னவர்களில் ரோலண்டும் ஒருவர் என்று மட்டும் தெரியும். அவர்தான் துறைத் தலைவர்.

ஆறு வருஷம் வேலை வாங்கிவிட்டு வேண்டாம் என்பார்கள். சொன்ன கையோடு அனுப்பவும் மாட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் அதே கட்டடத்தில், அதே முகங்களுக்கு நடுவில் பாடம் எடுக்க வேண்டும். அதற்குள் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் தயவு. கொரினுக்கு நாற்பத்து மூன்று வயது. பால் விவசாயிகளின் வேலைநிறுத்தம் பற்றி அவள் எழுதிய புத்தகம் அச்சாகி வந்தது, ஓட்டெடுப்பு முடிந்த அடுத்த மாதம். இன்னொரு கல்லூரி கிடைக்காவிட்டால் அக்கா புருஷனின் டிராக்டர் கடைதான் கதி. அவள் ஊரெல்லாம் விண்ணப்பித்தாள். நேரில் வரச்சொன்னது பக்கத்து மாநிலமான ஐயோவாவில் ஒரே ஒரு சின்னக் கல்லூரி.

ஜனவரியில் ரோலண்ட் அலுவலகத்துக்குள் வந்து, என் மேஜையில் சாய்ந்துகொண்டு, அங்கே நின்றிருந்த கொரினிடம் கேட்டார்.

"கொரின், ஒரு சின்ன உதவி. உன் இடத்துக்கு இன்டர்வியூவுக்கு ஒரு பையன் வரான். ஏர்போர்ட் போய்க் கூட்டிட்டு வந்துடறியா? உன்னை மாதிரி பழக இங்க யாருக்கு வரும்?"

எனக்குக் காகித வெட்டியை எடுத்து அவர் கழுத்துப்பட்டையை நறுக்கலாம் போலிருந்தது. கொரின் சரி என்றாள். பரிந்துரைக் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டுமே. என் கார் அன்றைக்கு மெக்கானிக்கிடம் கிடந்ததால், மாநகரில் இருக்கும் பல் டாக்டரிடம் போக நானும் அவள் காரில் தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது நான் பின்சீட்டில், பையன் முன்சீட்டில்.

பையன் பெயர் வெஸ்லி டியூபே. ரோஜா நிறக் கன்னம், புது ஓவர்கோட், நல்ல மனசு. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன்," என்றான். "அடுத்த வாரம் ஐயோவாலயும் ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. எனக்கு அதான் ஆசை. சின்ன காலேஜ், ஒரே ஒரு போஸ்ட். கிட்டத்தட்ட எனக்குத்தான்னு பேச்சு."

கல்லூரியின் பெயரையும் சொன்னான். கொரினை நேரில் வரச்சொன்ன அதே கல்லூரி. கார் ஒரு கணம் பனியில் வழுக்கி நேரானது.

அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள் பாருங்கள்!

"ஐயோவாவை விடுங்க. எங்க ஏரியைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பசங்க தங்கம். ரோலண்ட் இருக்காரே, வாக்கு குடுத்தா மாற மாட்டார். உடம்பு சரியில்லன்னா வீடு தேடி சாப்பாடு வரும்."

"ஆமாமா, ஹாட்டிஷ்ஷா வரும்," என்றேன் நான் பின்னாலிருந்து. கொரின் கண்ணாடியில் என்னை முறைத்தாள்.

"அப்ப நீங்க ஏன் போறீங்க?" என்று கேட்டான் வெஸ்லி.

"வேற ஊர் பாக்கலாம்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

அவனை இறக்கிவிட்டதும் அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அவன் இங்க வந்தாத்தான் அங்க எனக்கு. நான் பண்ணது அசிங்கமா, லொரேன்?"

"அசிங்கம்தான். நல்லாப் பண்ணே," என்றேன். மனதாரச் சொன்னேன்.

பிப்ரவரியில் கொரின் ஐயோவா போய் மாதிரி வகுப்பு எடுத்துவிட்டு வந்தாள். விடைபெறும்போது அந்தத் துறைத் தலைவி ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம்: "ஒருத்தரைக் கேட்டிருக்கோம். அவர் வேண்டாம்னா நீங்கதான்." மறுவாரம், வெஸ்லி எங்கள் வேலைக்கே சம்மதித்துவிட்டான் என்று ரோலண்ட் வந்து சொன்னார். அவர் போனதும் நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு கேக்கைத் தின்றோம். கொரின் ஐயோவாவில் வாடகை வீடுகூடப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஐயோவாவிலிருந்து போன் வந்தது. இந்த வருஷம் யாரையும் எடுப்பதாக இல்லை என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

ஏப்ரலில் வெஸ்லி வீடு பார்க்க வந்தவன், பெரிய சாக்லேட் பெட்டியோடு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தான்.

"இது உங்களுக்குத்தான், கொரின். அன்னிக்கு டின்னர்ல ரோலண்ட் எல்லாத்தையும் சொன்னார். உங்களுக்கு நிரந்தரம் மறுத்துட்டாங்கன்னு கேட்டப்போ எனக்கு சாப்பாடே இறங்கல. அப்படியும் நீங்க ஒரு வார்த்தை தப்பாப் பேசலையே! ஐயோவால ஏன் வரலன்னு கேட்டாங்க. நிரந்தரம் மறுத்தும் ஒருத்தங்க இந்தக் காலேஜைப் புகழ்றாங்கன்னா இது நல்ல இடம்தானேன்னு சொன்னேன். கொரின் ஹால்வர்சன்னு உங்க பேரையும் சொன்னேன். அங்க உங்களைத் தெரியும் போல. பேரை ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க."

ஏழாவது வருஷத்தில் வேலை தேடுகிறவளுக்கு நிரந்தரம் மறுத்திருப்பார்கள் என்று யாரும் ஊகிப்பார்கள். அதையே காதால் கேட்டுவிட்டால், அப்புறம் மேலிடத்தில் நல்ல வார்த்தை சொல்லி அவளை வேலைக்கு எடுக்க அவர்களால் முடியாது.

கொரின் பெட்டியை வாங்கிக்கொண்டாள். நன்றி என்றாள். தன் அறை ஜன்னலை இடது மூலையில் தட்டினால்தான் திறக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்போது ரோலண்ட் எட்டிப் பார்த்தார்.

"கொரின், சாயங்காலம் இவரை ஏர்போர்ட்ல விட்டுடறியா?"

"நான் விடறேன்," என்றேன்.

"பரவால்ல லொரேன், எனக்கு வழி பழக்கம்தான்," என்று சாவியை எடுத்துக்கொண்டு அவள் போனாள். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

இப்போது கொரின் டிராக்டர் கடையில் இருக்கிறாள். போன வருஷம் மாவட்டத்திலேயே அதிகம் விற்றவள் என்று ஒரு கேடயம் கொடுத்தார்களாம். அவள் பேசினால் வாங்காமல் போக முடியாது என்கிறார்கள். எனக்குத் தெரியாதா?