ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

மேல்பட்டாம்பாக்கத்து மலர்க்கொடி, கடலூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான்கு வருடமாகச் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது பெண்கள் இருந்த அவளுடைய லைனுக்குக் கழிப்பறை போக ஒரே ஒரு டோக்கன்தான். அது கைக்கு வர மதியமாகிவிடும் என்பதால் காலையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்பு வந்து மலர்க்கொடி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

2009 ஆடி மாதம், சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் சென்னையிலிருந்து ஒரு அம்மா, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சோதிக்கும் ஆடிட்டுக்கு வந்தார். அதற்கு முதல் நாளே சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் டோக்கனை அவர் கண்ணில் படாதபடி பூட்டிவைத்துவிட்டான்.

"யார் கேட்டாலும் ஒரு கொறையும் இல்லன்னு சொல்லணும். ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்றான்.

சிலரை மட்டும் ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டபோது, மலர்க்கொடியிடம் அந்த அம்மா கேட்டார்: "வேளாவேளைக்குத் தண்ணி குடிக்கிறீங்களா?"

சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத்தான் மலர்க்கொடி போயிருந்தாள். ஆனால் பொய் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

"இல்ல மேடம். குடிச்சா பாத்ரூம் போவணும். டோக்கன் கெடைக்காது. இன்னிக்கு அதப் பூட்டி வச்சிருக்காங்க."

அடுத்த வாரம் டோக்கன் முறையை எடுத்துவிட்டார்கள். அந்த அறைக்குள் போய்வந்தவர்கள் நான்கே பேர் என்பதால், சொன்னது யாரென்று கண்டுபிடிக்க நாளாகவில்லை. மலர்க்கொடியை மெஷினிலிருந்து எழுப்பி, நாள் முழுக்க நின்றுகொண்டே நூல் வெட்டும் வேலையில் போட்டார்கள்.

பக்கத்து மெஷின் கயல்விழி கிட்டே வந்து, "ஏங்க்கா வாயத் தொறந்த? இப்ப உன்னயதான நிக்க வச்சிட்டாங்க" என்றாள்.

"நீ போய்ட்டு வந்தியா?"

"ரெண்டு தடவ போய்ட்டேங்க்கா."

"சரி, போய்த் தையி" என்று சொல்லிவிட்டு, வலித்த காலை மாற்றி ஊன்றி அடுத்த சட்டையை எடுத்தாள்.